புறங்கை

இதுக்குப் பேர் கரண்டாம். சங்கரபாண்டிக்குச் சிரிப்பாக வந்தது. ஆனால் குப்புறப் படுத்து, கட்டிலில் முகத்துக்கென்று வெட்டிவிட்ட ஓட்டைக்குள் மூஞ்சியைக் கொடுத்துக்கொண்டு கிடக்கிற மனுசன் எப்படிச் சிரிப்பது? கன்னம் ரெண்டும் ரெக்சினில் ஒட்டிக்கொள்ள, சிரிப்பு மூக்கு வழியாகப் புஸ்ஸென்று போனது. மின்வாரியத்தில் இருபத்தெட்டு வருசம் கம்பம் ஏறின லைன்மேன், பதினோராயிரம் வோல்ட் கம்பியைக் கொடிக்கயிறு மாதிரிப் பார்த்துப் பழகினவர், அவருடைய இடுப்புவலிக்கு வைத்தியம் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. அதற்குள் ஒரே ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி. பிள்ளைகளின் பொம்மைக் காருக்குப் போடுகிற சாமான். முதல் நாள் அந்தப் புள்ள பேட்டரி மாற்றும்போதே பார்த்துவிட்டார். அதோடு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று. பெட்டியிலிருந்து நாலு வயர், வயருக்கு ஒன்றாக நாலு கறுப்பு ரப்பர் வில்லை, வில்லையில் ஜில்லென்று ஒரு பசை, அதைத் தோலில் அப்பி மேலே பிளாஸ்திரி. "நரம்புக்கு கரண்ட் கொடுக்கிறோம் அங்கிள், வலியை மூளைக்குப் போகவிடாம மறிச்சிரும்" என்று அன்றைக்குப் பாடம் வேறு நடத்தியது. மறிக்குமாம். கரண்டைப் பற்றி யாரிடம் பேசுகிறோம் என்று ஒரு விவஸ்தை வேண்டாம்?

அந்தப் புள்ளைக்குப் பேர் ஹெப்சிபா. பிசியோதெரபிஸ்ட் என்று கதவில் எழுதியிருக்கிறது, இருபத்தஞ்சு வயசு இருந்தால் அதிகம். ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்தபடி கிடக்கிறவருக்கு இந்த நாலு நாளாக அவளுடைய நீலச் செருப்புதான் தெரிகிறது. செருப்பு வந்தால் டாக்டர் வந்தாயிற்று, செருப்பு போனால் போயாயிற்று. வார்த்தைக்கு வார்த்தை அங்கிள். கோவில்பட்டியில் பிறந்த புள்ளைக்கு அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை வாயில் நுழையாதா? "இன்னிக்கு கால்லயும் ரெண்டு வைக்கப் போறேன் அங்கிள், வலி தொடை வழியா கீழ இறங்குதுன்னு சொன்னீங்கல்ல" என்றாள். இடது காலில், கெண்டைச்சதையில் ஒன்று, கணுக்காலுக்கு மேலே வெளிப்பக்கமாக ஒன்று. வைத்தாளா? வைத்திருக்க வேண்டும், பிளாஸ்திரி கிழிகிற சத்தம் கேட்டது. இடுப்பில் பசை ஜில்லென்றது. காலில் ஜில்லென்னவில்லை. பசை காய்ந்துபோயிருக்கும். டப்பாவின் அடியில் கிடந்ததை வழித்து அப்பியிருப்பாள், இவர்கள் சாமர்த்தியம் தெரியாதா. "இடுப்புல வருதா அங்கிள்?" "வருது." "எறும்பு ஊர்ற மாதிரியா?" "ம்." "கால்ல?" "வரலை." பெட்டியில் கால் வயருக்கான திருகை மட்டும் அவள் திருகினாள். "இப்ப?" "வரலை." "இன்னும் கொஞ்சம் கூட்டுறேன், வந்ததும் சொல்லிரணும், நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். இப்ப?" "வரலைன்னு சொல்லுதேன்ல." நீலச் செருப்பு ஒரு கணம் அசையாமல் நின்றது. இடுப்பில் மட்டும் சுருசுருவென்று ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. ரெண்டு ஜோடி வயரில் ஒரு ஜோடி செத்துக் கிடக்கிறது, அதைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை, இதற்குப் படிப்பு நாலரை வருசம்.

திரைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் கடலைமிட்டாய்க் கம்பெனி கோமதிநாயகம். அவருக்குக் கழுத்து. "அண்ணாச்சி, எனக்கெல்லாம் இத வச்சதும் கண்ணு சொருகுது பாத்துக்கிடுங்க, சொர்க்கம்" என்று திரைக்கு மேலே குரல் விட்டார். சொர்க்கம்! ஆளைத் தெரியாதா? விசிறி சுற்றுகிற சத்தத்துக்கே தூங்குகிற ஆள். வீட்டில் ஃபியூஸ் போனால் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலுக்கு ஆறடி தள்ளி நின்று "அண்ணாச்சி பாத்து, அண்ணாச்சி பாத்து" என்று கத்துகிற ஆள். அவருக்குக் கரண்டைப் பற்றி என்ன தெரியும்? கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து இது மருந்து என்றால் மருந்து, பிரசாதம் என்றால் பிரசாதம். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறான், அதனால்தான் பேட்டரிப் பெட்டியை வைத்து நாலு பேர் பிழைக்கிறான். "கால்ல வரலையாமே அண்ணாச்சி?" என்றார் கோமதிநாயகம். ஒட்டுக்கேட்கிற புத்தியும் சேர்ந்திருக்கிறது. "மெசின்ல கோளாறு" என்றார் சங்கரபாண்டி. "அப்படியா? நேத்து அந்த மெசின்தானே எனக்கு வச்சிது, நல்லா வந்துச்சே." வந்திருக்கும். உமக்கு வெறும் கயிற்றைக் கட்டிவிட்டாலும் வரும். அதைச் சொல்ல வாயெடுத்தார், ரெக்சின் விடவில்லை.

"இருபது நிமிசம் அங்கிள், இன்னும் பதினாறு இருக்கு. கால் வயரை என்னன்னு பாக்கேன்" என்றுவிட்டு நீலச் செருப்பு போனது. அந்தச் செருப்பைப் பார்க்காமல் இருந்தால் நன்றாக இருக்கும். செருப்பு என்றாலே இப்போது ஒரு எரிச்சல். போன மாசம் அவர் வாங்கின செருப்பு, நல்ல தோல், வார் வைத்தது என்று கடைக்காரன் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணாத குறை. பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீடு வரை நடந்து வருகிறார், வாசலில் செண்பகம் நின்று, பொண்டாட்டிக்கு எல்லாமே விசாரணைதான், "ஏங்க, ஒத்தக் கால் செருப்பு எங்க?" என்கிறாள். குனிந்து பார்த்தால் வலது காலில் இருக்கிறது. இடது கால் வெறுங்கால், புழுதி படிந்து, பெருவிரல் நகம் பெயர்ந்து ரத்தம். எங்கே கழன்றது? கழன்றதே தெரியவில்லையே. கல் குத்தவில்லையே. செண்பகம் ரத்தத்தையும் அவர் மூஞ்சியையும் மாறிமாறிப் பார்த்தாள். "தோல் செருப்பா இது, பஞ்சுமிட்டாய்க்காரன் பண்ணின செருப்பு, கால்ல நின்னாத்தானே" என்று கத்தினார். மறுநாள் கடைக்காரனிடம் போய் ஒற்றைச் செருப்பை அவன் மேசையில் போட்டு, நாலு பேர் பார்க்க, ஏலே, போலே என்று பேசிவிட்டு வந்தார். அவன் அந்த ஒற்றைச் செருப்பின் வாரை மாட்டி, இழுத்து, மறுபடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வார் நன்றாகத்தான் இருந்தது. மடப்பயல், அதற்கென்ன இப்போது?

இடுப்பில் எறும்பு ஊர்ந்துகொண்டே இருந்தது, ஒரே இடத்தில், போகாமல் வராமல். வலி குறைகிறதா? குறைகிற மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் அதை இவர்களிடம் ஒப்புக்கொள்ள முடியாது. வலி இருந்துவிட்டுப் போகட்டும். வலி ஒரு மானமுள்ள சாமான், இருக்கிற இடத்தைச் சொல்லிவிட்டு இருக்கிறது. இங்கே அனுப்பிவைத்த எலும்பு டாக்டர் அன்றைக்கு என்ன சொன்னார்? எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "பத்து நாள் கரண்ட் வச்சுப் பாருங்க, வலிதான்னா கேட்டுரும். மரமரப்பு எதுவும் இருக்கா? இருந்தா ஒளிக்காமச் சொல்லிருங்க. அது வேற சங்கதி. உடனே ஸ்கேன் எடுத்து மதுரைக்குப் போய் ஆபரேசன் பண்ணிரணும். தள்ளிப் போட்டா கால் பிறகு திரும்பி வராது." "அதெல்லாம் இல்லை" என்றார் சங்கரபாண்டி. எவ்வளவு சுளுவாக வந்தது! டாக்டருக்கே நிமிர்ந்து பார்க்க நேரம் இல்லாதபோது நமக்கு மட்டும் என்ன? பக்கத்தில் இருந்த செண்பகம் "செருப்பு" என்று ஆரம்பித்தாள். ஒரு முறைப்பு. அடங்கிவிட்டாள். ஆபரேசனாம். முதுகைக் கிழித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் கம்பம் ஏறக்கூடாது என்று ஒரு காகிதம் எழுதிக் கொடுப்பான். அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆபீசில் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். பரமசிவம் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுவார்கள்.

பரமசிவம் ஒரு காலத்தில் லைன்மேன்தான், கீழே விழுந்து தொடை எலும்பு முறிந்த பிறகு புகார் போன் எடுக்கிற வேலை. "எந்தத் தெருங்க? கம்பம் நம்பர் சொல்லுங்க. ஆள் வருவாங்க." நாளெல்லாம் இதே பல்லவி. ஆள் வருவாங்க. அந்த ஆள் சங்கரபாண்டி. போன்சாமி என்று பேர் வைத்ததும் சங்கரபாண்டிதான். "என்ன போன்சாமி, குறி சொல்லியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போவார், இடுப்பில் பெல்ட், தோளில் கயிறு, மொத்த ஆபீசும் சிரிக்கும். பரமசிவமும் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் இன்னும் ஆத்திரம் வரும், சுரணை கெட்டவன், எழுந்து ஒரு அறை விட வேண்டியதுதானே. ஏழு வருசமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான். இப்போது அங்கே போய் உட்கார்ந்தால் என்ன செய்வான்? ஒன்றும் சொல்லமாட்டான். நாற்காலியை நகர்த்தி இடம் விடுவான். தண்ணி பாட்டிலைக்கூடத் தள்ளிவைப்பான். அதைத்தான் தாங்க முடியாது. அவன் ஒரு வார்த்தை குத்திப் பேசினால் தாங்கிக்கொள்ளலாம், இடம் விட்டானென்றால் செத்துப்போவதுதான் மரியாதை.

குத்துவது என்றதும் ஊசி ஞாபகம் வந்தது. முதல் நாள் இந்தப் புள்ள ஒரு பரிட்சை வைத்தது. காலை நீட்டி உட்கார வைத்து, "கண்ணை மூடிக்கோங்க அங்கிள், நான் தொடுற இடத்துல ஊசியா பஞ்சான்னு சொல்லணும்." தொடையில் ஊசி, பஞ்சு, ஊசி, எல்லாம் சரி. முழங்காலுக்குக் கீழே போனதும் ஒன்றும் இல்லை. தொடவே இல்லை என்றுதான் நினைத்தார். "சொல்லுங்க அங்கிள்" என்றாள். தொட்டிருக்கிறாள். நெஞ்சுக்குள் ஏதோ கழன்று விழுந்தது, அதுவும் சத்தமில்லாமல். இமையை ஒரு மயிரிழை திறந்தார். எதிரே இரும்பு பீரோ, அதில் ஆளுயரக் கண்ணாடி, கண்ணாடியில் அவர் கால், காலில் அவள் கை, கையில் ஊசி. "ஊசி" என்றார். பிறகு "பஞ்சு" என்றார். "பஞ்சு. ஊசி. ஊசி. பஞ்சு." ஒன்றுகூடத் தப்பவில்லை. "வெரிகுட் அங்கிள்!" என்று எழுதிக்கொண்டாள். நூற்றுக்கு நூறு. பரிட்சை வைக்கிறவள் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தா வைப்பாள்? இவளெல்லாம் ஒரு வைத்தியச்சி. சின்னப்புள்ளைகூட ஏமாற்றிவிடும் இவளை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளை நினைத்து நினைத்துச் சிரித்தார், செண்பகம் என்னவென்று கேட்கிற அளவுக்குச் சிரித்தார், அன்றைக்குப் பகல் சோறு இறங்கவில்லை.

இருக்கட்டும். மரத்துப்போகிறது எல்லோருக்கும் மரத்துப்போகிறதுதான். சப்பணம் போட்டு உட்கார்ந்தால் மரக்கவில்லையா? என்ன, இது ஒரு மாசமாக எழுந்திருக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை பைபாஸ் பக்கம் ஒரு கம்பம், பாதி ஏறியாயிற்று, இடது காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்து உடம்பைக் கொடுத்தார், கால் படியில் இல்லை. காற்றில் இருந்தது. எங்கே வைத்தோம் என்று காலுக்கே தெரியவில்லை. பெல்ட் பிடித்துக்கொண்டது. அதனால்தான் இன்றைக்கு இங்கே படுத்து ஒரு புள்ளையின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இல்லாவிட்டால் செண்பகம் வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள். கீழே நின்றவர்கள் "என்னண்ணே?" என்றார்கள். "படியில எண்ணெய்" என்றார். எண்ணெயாவது மண்ணாவது. அதற்குப் பிறகு கண்ணால் பார்த்துப் பார்த்துக் காலை எடுத்துவைத்து இறங்கினார். நடை பழகுகிற பிள்ளைகூட அப்படிப் பார்த்து வைக்காது. நாளை மறுநாள் மறுபடி டூட்டி.

நீலச் செருப்பு வந்தது. "அங்கிள், இந்த வயர்தான் உள்ள விட்டுப்போச்சுன்னு நெனைக்கேன், அடுத்த ரூம்ல வேற இருக்கு, எடுத்துட்டு வாரேன். அசையாதீங்க, இடுப்புல ஓடிட்டு இருக்கு." போயிற்று. பெட்டியை அணைக்கவில்லை, கால் பக்கத்துத் திருகையும் குறைக்கவில்லை. கூட்டிக் கூட்டி வைத்தது அப்படியே இருக்கிறது. வயர் செத்துவிட்டது என்று அவளாக முடிவு பண்ணிவிட்டு அப்படியே விட்டுப்போகிறாள் பார், சங்கரபாண்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் கூட்டத்தில் ஒருவன் இப்படிச் செய்தால் கன்னம் பழுத்துவிடும். லைன் செத்துவிட்டது என்று சப்-ஸ்டேசன்காரன் சொல்லட்டும், இன்ஜினியர் சொல்லட்டும், சாமியே இறங்கி வந்து சொல்லட்டும், வீட்டு வயரானாலும் தன் கையால் சோதிக்காமல் லைன்மேன் நம்பக்கூடாது. டெஸ்டர் இல்லையென்றால் புறங்கை. உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் கையைச் சுருட்டிக் கம்பியைப் பிடிக்கவைத்துவிடும், பிடித்தால் போச்சு; புறங்கையால் தொட்டால் சுருட்டுகிற கை தானாக விலகி வந்துவிடும். சட்டத்தில் இல்லாத சோதனைதான், அதிகாரிகள் பார்த்தால் திட்டுவார்கள், ஆனால் பழைய கை எல்லாமே இப்படித்தான். செத்த வயரை அவளுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும். உன் பெட்டி பொம்மை, உன் வயர் குப்பை, உன் படிப்பு காற்று, என் காலில் ஒன்றும் இல்லை என்று மூஞ்சிக்கு நேரே சொல்லவேண்டும்.

ஒருக்களித்து எழுந்து உட்கார்ந்தார். இடுப்பு சுளீரென்றது, நல்லது, வலி நல்லது. இடது காலைக் கையால் தூக்கிக் கிட்டே இழுத்து வைத்தார். வில்லைகள் ரெண்டும் ஒழுங்காகத்தான் ஒட்டியிருந்தன. கெண்டைச்சதைப் பிளாஸ்திரியைச் சரக்கென்று உரித்தார். பிளாஸ்திரியோடு அஞ்சாறு முடி வேரோடு வந்தது. முடியைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பசை ஈரமாகத்தான் இருந்தது, தண்ணியாக, விரலில் ஜில்லென்றது. ரெண்டாவதையும் உரித்தார். "என்ன அண்ணாச்சி சத்தம்?" என்றார் கோமதிநாயகம். "ஒண்ணும் இல்லவே, சும்மா கிடயும்." ரெண்டு வில்லையையும் கட்டில்மேல் பசைப் பக்கம் மேலே பார்க்க வைத்து, ஒன்றின்மேல் முன்கையின் வெளிப்பக்கத்தைச் சாய்த்துக்கொண்டு, நக்கலாகத்தான், கோமதிநாயகம் பார்த்தால் சிரிக்கட்டும் என்றுதான், மற்றதில் புறங்கையை இறக்கினார்.

கை துள்ளியது. விரல் அஞ்சும் விறைத்து நிமிர்ந்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஆயிரம் ஊசி ஒன்றாக ஏறின. "ஐயோ" என்று வாய்விட்டே கத்திவிட்டார். கையை வெடுக்கென்று எடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வயர் சாகவில்லை. வயர் நல்ல உயிரோடு இருக்கிறது. இவ்வளவு கரண்ட், இத்தனை நேரமாக, இந்தக் காலில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் காலைப் பார்த்தார். பெயர்ந்த நகம் இப்போதுதான் முளைவிட்டிருந்தது. யாரோ ஒருத்தருடைய காலை மடியில் வைத்திருக்கிற மாதிரி இருந்தது. செருப்புக் கடைக்காரன் வாரை மாட்டி மாட்டிப் பார்த்தது ஞாபகம் வந்தது, அவனிடம் ஏலே என்று சொன்னது ஞாபகம் வந்தது. பயம் என்றால் இதுதான் பயம். கம்ப உச்சியில் இருபத்தெட்டு வருசம் இதைப் பார்த்ததில்லை. எல்லாரையும் கெட்டிக்காரத்தனமாக ஏமாற்றிக்கொண்டு திரிந்தாயே, மடையா, மடையா, உன்னைப்போல ஒரு மடையன் இந்த ஊரில் உண்டா?

ஹெப்சிபா கத்தலைக் கேட்டு ஓடிவந்தாள், கையில் புது வயர். உரித்துப் போட்ட வில்லைகளைப் பார்த்து முகம் வெளுத்துவிட்டது. "என்ன அங்கிள், கரண்ட் அடிச்சிருச்சா? ஐயோ, நான் அணைச்சிட்டுப் போயிருக்கணும், தப்புதான், சாரி அங்கிள்." பெட்டியை அணைத்தாள். அவளுடைய முகத்தை இன்றைக்குத்தான் அவர் சரியாகப் பார்க்கிறார். நெற்றியில் வியர்வை. "வயரு நல்லாத்தான் இருக்கும்மா" என்றார். "கால்தான் சரியில்ல. அன்னிக்கு ஊசி குத்துனப்ப நான் சொன்னதெல்லாம் பொய்யி. அந்தா இருக்கு பாருங்க கண்ணாடி, அதுல பாத்துச் சொன்னேன்." அவள் பீரோவைத் திரும்பிப் பார்த்தாள். திரைக்கு அந்தப் பக்கம் கோமதிநாயகத்தின் கட்டில் கிறீச்சிட்டது. கேட்டுக்கொண்டிருக்கிறார், கேட்கட்டும். "எத்தன நாளா அங்கிள்?" "ஒரு மாசம் இருக்கும்." அவள் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மேசை டிராயரைத் திறந்து ஊசியை எடுத்தாள். "இன்னொரு தடவை பாத்துருவோமா?" என்றாள். அவர் தலையாட்டி, கண்ணாடிக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்து, செவரைப் பார்க்கக் காலை நீட்டினார். கண்ணை இறுக மூடினார். உள்ளங்கை ரெண்டும் ரெக்சினைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஃபேன் சுற்றியது. கீழே மெடிக்கல் ஸ்டோரில் யாரோ சளி மருந்து கேட்டார்கள். என்ன செய்கிறாள் இவள், ஒரு ஊசி குத்த இவ்வளவு நேரமா, பயந்தாங்கொள்ளி, இவளிடம் போய்க் காலைக் கொடுத்தோமே.

"குத்துங்கம்மா" என்றார் சங்கரபாண்டி, "ஏன் சும்மா இருக்கீங்க?"

"அஞ்சு தடவை குத்திட்டேன் அங்கிள்" என்றாள் அவள்.